காலி டிஸ்க்

"மூணு மாசமா இதையே சொல்றான் தம்பி. 'டிஸ்க் ஓடலக்கா, டிஸ்க் ஓடலக்கா'ன்னு. புடுங்காத குறையா வாங்கியாந்தேன்."

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சதுரத்தைக் கவுண்டரில் வைத்தாள் சுகிர்தா. கேசட்டுக்குப் பின்னால் பாட்டு பதிய வந்த மினிடிஸ்க். கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் பாக்கியராஜ், அப்படி ஒன்றைப் பார்த்துப் பத்து வருடமாவது இருக்கும்.

"இதுல இன்னா இருக்குதுக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு. அந்தோணி. சர்ச் கொயர்ல முன்னாடி நின்னு, கையில மைக்கு புடிச்சிக்கினு பாடுவாரு. ரெண்டாயிரத்து நாலு கிறிஸ்மஸ். அடுத்த வருஷமே போய்ட்டாரு. பொண்ணுக்கு அப்போ ஒண்ணரை வயசு. வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அப்பா குரலு எப்பிடி இருக்கும்னே ஷைனிக்குத் தெரியாது தம்பி."

"டிஸ்க் யார்கிட்ட இருந்துச்சு?"

"கொயர் மாஸ்டரு தாவீதுகிட்ட. அவன்தான் ரெக்கார்டு பண்ணான்."

உள் அறையிலிருந்து பழைய மெஷினைத் தேடி எடுத்து, தூசி தட்டி, டிஸ்க்கைப் போட்டார் பாக்கியராஜ். 'காலி டிஸ்க்' என்று காட்டியது.

"கெட்டுப் போவலக்கா. யாரோ அழிச்சிருக்காங்க."

"ஐயோ!"

"பயப்படாதீங்க. எந்தப் பாட்டு எங்க இருக்குதுன்னு டிஸ்க்ல ஒரு அட்டவணை இருக்கும். அழிச்சா அது மட்டும்தான் போவும். பாட்டு உள்ளயேதான் கெடக்கும்."

டிஸ்க் மாறியது மெஷினுக்குத் தெரியாதபடி ஏமாற்றி, வேறொரு டிஸ்க்கின் அட்டவணையை இதில் எழுத வைத்தார். இரண்டு தரம் முரண்டு பிடித்தது. மூன்றாவது தரம் ஓடியது.

"முழுசா ஓடவிட்டுத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

"அதுக்குள்ள ஷைனிக்கு வளையல் வாங்கியாந்துடறேன்" என்று இறங்கிப் போனாள்.

பாக்கியராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். செத்துப்போன மனுஷனின் குரலை அழிக்க ஒருத்தனுக்கு எப்படி மனசு வந்தது? பொறாமையாகத்தான் இருக்கும். நன்றாகப் பாடுகிறவனை மாஸ்டருக்கு எப்போது பிடித்திருக்கிறது?

மூன்று பாட்டு போனது, மூன்றும் பெண்கள் பாடியவை. நாலாவது பாட்டுக்கு முன்னால் ஒரு கிசுகிசுப்பு. ரெக்கார்டரை சவுண்ட் மேசை மேலேயே வைத்திருந்திருப்பார்கள் போல.

"அந்தோணி அண்ணன் மைக்கை ஆஃப் பண்ணிடு. அவருக்குத் தெரியக்கூடாது."

பாக்கியராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. நம்பரைத் தேடிப் பிடித்து தாவீதுக்குப் போன் போட்டார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? பாடறவரு மைக்கை அணைச்சிட்டு, அதையும் அழிச்சிட்டு, அந்தம்மாவ மூணு மாசமா அலையவுட்டுக்கினு இருக்க?"

தாவீதின் குரல் தாழ்ந்து வந்தது.

"அண்ணா, அவரு சிப்காட்ல ஃபோர்ஜிங்ல வேலை பார்த்தாரு. சம்மட்டி சத்தத்துல பாதி காது போயிடுச்சு. பாட்டு ஒரு பக்கம் போவும், அவரு ஒரு பக்கம் போவாரு. முந்தின வருஷம் சர்ச்சே சிரிச்சிச்சு. அது அவரு காதுல வுழல. கொயரவுட்டுத் தூக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. வாரம் பூரா அந்தச் சத்தத்துல நிக்கிற மனுஷன்ணா. எனக்கு மனசு வரல. மைக்கைக் கையில குடுத்தேன், லைனை மட்டும் நிறுத்திட்டேன்."

"சரி, டிஸ்க்கை எதுக்கு அழிச்ச?"

"அக்கா அன்னிக்கு முதல் வரிசையில உக்காந்து கண்ணைத் தொடச்சிக்கினே கேட்டாங்க. இன்னிக்கும் போறவன் வர்றவன்கிட்டல்லாம் அவரு பாட்டைப் பத்திதான் பேசறாங்க. கல்யாணத்துல போட்டுக் கேட்டா, அவரு குரலே இருக்காதுண்ணா. இன்னான்னு சொல்லுவேன்?"

பாக்கியராஜ் போனை வைத்தார். தான் கத்திய கத்தல் கடைக்குள் இன்னும் சுற்றுவது போலிருந்தது.

வளையல் பையோடு சுகிர்தா வந்தாள். "இன்னா தம்பி, வந்துச்சா?"

"இல்லக்கா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஓடல. டிஸ்க் சுத்தமா போச்சு."

சுகிர்தா கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தாள். "மைக்கு ஆஃப்ல இருந்துச்சு. அதான?"

பாக்கியராஜ் திரையை மறைக்கப் போன கையை இறக்கிக்கொண்டார்.

"அவரு ஊட்ல பாடினா பக்கத்து ஊட்ல ஜன்னலைச் சாத்துவாங்க தம்பி. சர்ச்ல அன்னிக்கு ஒருத்தர்கூட சிரிக்கல. அப்பவே புரிஞ்சிடுச்சு. அவரு கையில மைக்கோட நிக்கிறாரு, தலை நிமிந்து நிக்கிறாரு. அதைப் பார்த்துத்தான் அழுதேன். எனக்குப் பாட்டெல்லாம் வேணாம். பாட்டு முடிஞ்சப்புறம் எதுனா பேசியிருப்பாரு, அது இருக்குதா பாரு."

பாக்கியராஜ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தார். ஏறியதில் நாலாவது பாட்டின் கடைசியைப் போட்டார். கைத்தட்டல், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, காது கேட்காதவர்கள் பேசும் அந்த உரத்த குரல் கடையை நிறைத்தது.

"டேய் தாவீது! நாஷ்டாவுக்கு இன்னாடா சொல்லிக்கிற? கொயந்த பசியில கத்துது பாரு!"

சுகிர்தா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இதான் தம்பி. இது மட்டும் போதும், இதை ஷைனிக்கு ஏத்திக் குடு."

பென் டிரைவை வாங்கிக்கொண்டு இறங்கியவள், படியில் நின்று திரும்பினாள்.

"மைக்கு விஷயம் எனக்குத் தெரியும்னு தாவீது கைல சொல்லிடாதப்பா. இருவது வருஷமா எனக்காக மறைச்சிக்கினு இருக்கான், மனசு ஒடஞ்சிடுவான்."