கவ்விய வாய்

ஓடிப்போன திருடன் தவறவிட்ட துண்டை, வெள்ளச்சி ஆட்டின் குட்டி சொக்கன் ருசி பார்த்துக்கொண்டிருந்தான். மோப்பம் பிடித்து வந்த போலீஸ் நாய் ரோவர், அந்தத் துண்டைக் கண்டதும் பாய்ந்தான். குட்டி துண்டும் வாயுமாகத் தலைதெறிக்க ஓடினான். நாலே பாய்ச்சலில் அவன் பின்னங்காலைக் கவ்விவிட்டான் ரோவர்.

"முருகா, என் பிள்ளை!" என்று கதறிக்கொண்டு ஓடி வந்தாள் வெள்ளச்சி. நாயை ஏவிய ஏட்டையா தூரத்தில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அவர் வந்து 'விடு' என்று சொல்வதற்குள் கால் மிஞ்சுமா?

ஆனால் சொக்கன் நடுங்கிப்போய் நின்ற அந்த நொடியே, ரோவர் தானாக வாயைத் திறந்துவிட்டான்.

வெள்ளச்சி காலை முகர்ந்து பார்த்தாள். எச்சில்தான் இருந்தது, ஒரு சொட்டு ரத்தமில்லை.

"யாரும் சொல்லலையே, ஏன் ராசா விட்டே?"

"நின்னுட்டான்ல ஆத்தா. அப்புறம் எதுக்குப் பல்லு?"

"இதையுமா சொல்லித் தர்றாங்க?"

"பிடிக்க ரெண்டே நாள்ல கத்துக்கிட்டேன். விடக் கத்துக்கத்தான் ஆறு மாசம் ஆச்சு. பிடிச்சதுக்கு ஏட்டையா ஒருநாளும் பிஸ்கட் தந்ததில்லை. விட்டாத்தான் தருவாரு." ரோவர் குட்டியைப் பார்த்தான். "ஏன்டா, திருட்டுத் துண்டு ருசியா இருந்துச்சா?"

"கொஞ்சம் உப்பு," என்றான் சொக்கன்.

"அந்த மகராசன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்," என்று ஏட்டையாவை வாழ்த்தினாள் வெள்ளச்சி. குட்டியின் காலை நக்கிக் கொடுத்தவள், அப்படியே திரும்பி, அதைக் கவ்விய வாயையும் ஒரு தரம் நக்கிக் கொடுத்தாள்.