வெந்த முதுகு

பன்னிரண்டு வருசமாக, அணுகுண்டு ஒழிப்பு மாநாடு எங்கே நடந்தாலும், மந்திரி தொம்மைக் கிழவனைக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றி நிற்கவைப்பார். அவன் தீவில் போட்ட சோதனைக் குண்டில் வெந்த முதுகைப் பார்த்துப் பெரிய நாட்டுக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

"எல்லாரும் கையெழுத்துப் போடட்டும் பெரியவரே, மறுநாளே நீங்க உங்க தீவுல இருப்பீங்க."

கிழவன் அதை நம்பியதில்லை. ஆனால் பொண்டாட்டியைப் புதைத்த மண் அங்கேதான் கிடந்தது.

இன்று கடைசி நாடும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

"படகு எப்போய்யா?"

மந்திரி அவன் தோளில் சட்டையைப் போர்த்தினார். "பிரிச்ச குண்டையெல்லாம் எங்கயாவது புதைக்கணும்ல? உங்க தீவு ஏற்கெனவே கெட்டதுதானே, நாம தர்றோம்னு சொன்னேன். எல்லாரும் எழுந்து கை தட்டினாங்களே, பார்க்கலையா?"

பார்த்தான். பாஷை புரியாமல், அந்த ஒரு தடவை மட்டும் நம்பி, அவனும் எழுந்து தட்டியிருந்தான். உள்ளங்கை இன்னும் சுட்டது.