புல் முளைக்காத வரப்பு

“என்னங்க காரியக்காரரே, நேத்து ஆளையே காணோம்? எங்கள விரட்டுற வேலைய வேற யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டீங்களா?”

குடிசை வாசலில் முறத்தைத் தட்டிக்கொண்டே நீலாம்பாள் கேட்டாள். பண்ணையின் நிலத்தையும் ஆள்களையும் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் இராஜாங்கம் வரப்பில் மூச்சு வாங்க நின்று குடையை ஊன்றிக்கொண்டார்.

“நேத்துக் காய்ச்சல் புள்ள.”

“காய்ச்சல்னா என்ன? வந்து ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதானே? நாங்க காத்துக்கிட்டு இருந்தோம்ல.”

“ரெண்டு நாளுக்கும் சேர்த்து இன்னிக்கே கேக்குறேன். எப்ப காலி பண்ணப் போற? எஜமான் இந்தத் திடல்ல தென்னங்கன்னு வைக்கணுங்கறாரு.”

“வைக்கட்டுமே. இங்கதான இருக்கோம், நாங்களே தண்ணி ஊத்துறோம்.”

இராஜாங்கத்துக்கு உடனே பதில் வரவில்லை. அவருக்குப் பதில் எப்போதும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் வரும். அதைச் சொல்வதற்காகவே மறுநாள் வந்தாக வேண்டும். அவள் அதற்கும் ஒன்று சொல்வாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அதற்கு முன்பு இராஜாங்கம் எதையும் தொடர்ந்து செய்தவர் அல்ல. ஐப்பசி முழுக்க மாயவரத்தில் காவேரி முழுக்குப் போடுகிறேன் என்று கிளம்பி, இரண்டாம் நாளே, தண்ணீர் சில்லென்று இருப்பதாகக் காவேரியின் மேல் குற்றம் சொல்லித் திரும்பியவர். மூக்குப்பொடியை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, சொன்ன களைப்புக்கு ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டவர். நடவைப் பார்க்கப் போனால் நின்றபடியே தூங்குவார். ஒருமுறை அவர் தலையில் ஒரு கொக்கு உட்கார்ந்து, வாய்க்காலில் மீன் பார்த்துவிட்டுப் போனது. கண்ணால் கண்டவர்கள் மூன்று ஊரில் இருக்கிறார்கள். கொக்கைக் கேட்டாலும் சொல்லும்.

அப்பேர்ப்பட்டவரை மாற்றியவர் அவருடைய எஜமான், மிராசுதார் சந்தானகிருஷ்ணன்தான்.

“ஆள் வச்சு அடிச்சா விவசாயச் சங்கத்துக்காரன் கொடி பிடிச்சுண்டு வந்துடுவான். நீ தினம் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. நன்னாச் சொல்லணும்னு இல்லை, உளறினாலும் போறும். ஒருநாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் போயிடு. விடாம மட்டும் இரு. தானா கிளம்பிடுவா.”

முதல் மாதம் கசந்தது. பிறகு காலே அவரை இழுத்துக்கொண்டு போனது. மழையில் நனைந்து நின்றால், “பாவம், உள்ள வாங்க. காலி பண்ணச் சொல்றத நனையாம சொல்லலாம்ல” என்பாள் நீலாம்பாள். அலுப்பாகச் சொன்னால், “இன்னிக்குச் சத்தம் பத்தலீங்க, முந்தாநேத்து நல்லாத் திட்டுனீங்க” என்பாள். ரோஷத்தில் மறுநாள் இரண்டு பங்கு சத்தத்தோடு வருவார். அவர் நடந்து நடந்து அந்த வரப்பில் புல் முளைப்பதையே விட்டுவிட்டது. வாழ்க்கையில் தாம் உருப்படியாகப் பழகிய ஒரே பழக்கம் அது என்று, அந்த வெறும் வரப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. சட்டம் சொன்ன, சில மாதம் முந்தைய ஒரு தேதியில் அங்கே குடியிருந்தவர்களுக்கே குடிசை மனை சொந்தம்.

மிராசுதார் இராஜாங்கத்தைக் கூப்பிட்டார். “அங்க குடிசை இருந்ததே உனக்குத் தெரியாது. புரியறதா? மாத்திச் சொன்னே, நாளையிலேர்ந்து பண்ணைக்கு வர வேண்டாம்.”

விசாரணைக்குத் தாசில்தார் திடலுக்கே வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“போன மாசம்தான் சார் வந்து குடிசை போட்டா. அதுக்கு முன்னால இது வெறும் திடல்” என்றார் மிராசுதார்.

“எங்கப்பன் காலத்துலேருந்து இங்கதாங்க இருக்கோம்” என்றான் நீலாம்பாளின் புருஷன் கண்ணுசாமி. சுற்றிலும் வயல், பக்கத்தில் வேறு குடிசை கிடையாது. சாட்சி சொல்ல வந்த சங்கத்து ஆள்களை, “நீங்க இவங்களுக்கு வேண்டியவங்க” என்று தாசில்தார் ஒதுக்கிவிட்டார்.

“காரியக்காரர், நீங்க சொல்லுங்க. இவங்களை இங்க பார்த்திருக்கீங்களா?”

இராஜாங்கம் பாடம் பண்ணியதை ஒப்பித்தார். “இல்லீங்க. நான் இந்தத் திடல் பக்கம் வந்ததே கெடையாது.”

தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

“அது நெசந்தாங்க” என்றாள் நீலாம்பாள். கண்ணுசாமி அவளை வெறித்துப் பார்த்தான். “இவரு எங்க வந்தாரு? எஜமான் தெனம் போயிட்டு வான்னு அனுப்புனாரு. இவரு மதகுல படுத்துத் தூங்கிட்டு, போயிட்டு வந்தேன்னு புளுகிட்டாரு. சோம்பேறி மனுஷன்! ஒரு நாளாவது ஒழுங்கா வந்திருப்பாரா?”

வாழ்க்கையில் முதல் தடவையாக இராஜாங்கத்துக்குப் பதில் உடனே வந்தது.

“யாரப் பார்த்து சோம்பேறிங்கற? போன வருஷம் பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குக்கூட வந்தேன்! புயல்ல உன் கூரை பறக்குது, நான் இதே எடத்துல நின்னு காலி பண்ணு காலி பண்ணுன்னு கத்திக்கிட்டு இருந்தேன்! சார், இந்த வரப்பப் பாருங்க, ஒரு புல்லு இருக்கா? எல்லாம் என் கால் சார், என் கால்!”

தாசில்தார் வரப்பைப் பார்த்தார். குடியிருப்பது உண்மை என்று எழுதினார். மிராசுதார் குடையை விரித்தார்; மர நிழலில் நின்றுகொண்டுதான் விரித்தார்.

எல்லோரும் போன பிறகும் இராஜாங்கம் அங்கேயே நின்றார். “ஏன் புள்ள, தெனம் வந்தவனப் போயி வரலைன்னு சொன்னியே, அடுக்குமா?”

“கோவிச்சுக்காதீங்க. இப்படி ஒரு சட்டம் வரப்போவுதுன்னு சங்கத்துல சொன்ன நாள்லேருந்து, சாட்சிக்கு நீங்க மறுநாளும் வரணுமேன்னு தெனம் ஒரு வார்த்தை சீண்டி அனுப்புனேன்” என்றாள் நீலாம்பாள். “எல்லா நாளும் நல்லா அமையாதுங்க. ஆனா நான் விடல.”