நேரடி வர்ணனை

"அம்மா, இன்னிக்கு ஒரு தடவையாவது கண்ணைத் திறந்து பாரும்மா."

பெற்றோர் உட்காரும் வரிசைக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் கெஞ்சினாள். பிடி வழுக்காமலிருக்க முழங்கை வரை வெள்ளைப் பவுடர் பூசியிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"என்னால முடியாதுடி. அதான் உங்க அப்பா பார்க்கறாரே, போதாதா?"

வாலு அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா, நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் தேறியவர்களில் சிலர் தேசிய அணிக்குப் போவார்கள். சிலர் கல்லூரி அணிகளுக்கு. வாலுவுக்குக் கல்லூரி அணியில் இடம் உறுதி என்றிருந்த நேரத்தில்தான், போன வருடம் பயிற்சியின்போது பீமிலிருந்து விழுந்து முட்டியில் தசைநார் கிழிந்தது. நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டை. அதன் மேல் நடப்பதே பெரிய விஷயம். இவள் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும்.

"முட்டி சரியாயிடுச்சு. மனசுல பயம் போயிடுச்சான்னு பார்க்கணும்" என்றிருந்தார் கோச். "பின்பக்கமா ஒரு குட்டிக்கரணம், தடுமாறாம இறங்கணும். அவ்வளவுதான்."

இன்று அந்தத் தேர்வு.

அம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்து மயங்குகிற பயிற்சி டாக்டர்களைத் தாங்கிப் பிடித்து உட்கார வைக்கிறவள். ஆனால் சின்ன வயதில் மகள் முதல் போட்டியிலேயே முன்பல்லை உடைத்துக்கொண்டதிலிருந்து, அவள் பீமில் ஏறினாலே இவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்பா அப்படியில்லை. உயர உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவர். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நடப்பதை அவள் காதில் வர்ணித்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டு, நேரில் பார்த்தவளைப் போலவே அளந்துவிடுவாள்.

"யாரும் கை தட்டக் கூடாது. சத்தம் போட்டா பசங்க கவனம் சிதறும்" என்று கோச் எச்சரித்தார். கூடம் அமைதியானது.

நர்ஸ் கண்களை மூடினாள்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"முட்டி நடுங்குதா?"

"சேச்சே. தூண் மாதிரி நிக்குது."

"முகம் எப்படி இருக்கு?"

"சிரிச்ச முகம். ராணி மாதிரி நடந்து போறா."

பக்கத்து இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நர்ஸுக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தவர் வீட்டுப் பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன சிரிப்பு?

திடீரென்று கூட்டம் முழுவதும் "ஐயோ" என்று மூச்சை இழுத்தது.

"என்னங்க, என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அது... அந்தப் பக்கம் கம்பியில தொங்குற பொண்ணு கை நழுவிடுச்சு."

"நம்ம பொண்ணு?"

"அவ பாட்டுக்கு இருக்கா."

அவர் குரலில் ஏதோ இடறியது. மகள் கெஞ்சியது வேறு நினைவுக்கு வந்தது. நடப்பது நடக்கட்டும் என்று நர்ஸ் கண்களைத் திறந்தாள்.

அந்தப் பக்கம் கம்பியில் யாருமே இல்லை. பீம் மேல் வாலுதான் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தாள். கத்த வாயைத் திறந்த அம்மா, துப்பட்டா நுனியைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

வாலு ஒரு மூச்சு விட்டாள். காலை மெல்ல ஊன்றினாள். உடம்பு நிமிர்ந்தது. கைகளை மேலே தூக்கி, ஒரு துளி யோசனை இல்லாமல் பின்னால் எம்பினாள். தலை கீழே, கால் மேலே. ஒரு பறவை கரணம் அடித்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு பாதமும் மறுபடி அதே கட்டையில் வந்து உட்கார்ந்தன. அங்கிருந்து இன்னொரு சுழற்சி. மெத்தையில் ஆணி அடித்த மாதிரி இறங்கினாள்.

சிரித்தே பழக்கமில்லாத கோச், தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டு, கட்டை விரலை உயர்த்தினார்.

இத்தனை வருடம் இதையா பார்க்காமல் இருந்தோம்? நர்ஸுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாலு அதற்குள் ஓடி வந்து தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றாள். அம்மாவின் திறந்த கண்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிறகு வாயில் விரலை வைத்து, பேசாதே என்று ஜாடை காட்டி, அப்பா பக்கம் கண்ணைக் காட்டினாள்.

நர்ஸ் திரும்பினாள்.

"பதறாத, நான்தான் பார்த்துட்டே இருக்கேனே. இப்பதான் நட்டநடு பீம்ல நிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர், இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டு.