ஒரு மடக்குத் தண்ணி

"தங்கச்சி, ஒரு மடக்குத் தண்ணி தருதீங்களா?"

ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்த ரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதையை மறித்து சைக்கிளை நிறுத்தியிருந்தவர் சீனி. விளாத்திகுளத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். தொந்தியைப் பிடித்திழுக்கும் மஞ்சள் பனியன்; முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை.

குருமலையைச் சுற்றி மலை சைக்கிள் போட்டி. வழியில் கடை கிடையாது, பந்தல் கிடையாது. ரெண்டு லிட்டர் தண்ணீர், மாற்று டியூப், பம்பு, விசில் எல்லாவற்றையும் அவரவரே சுமக்க வேண்டும். குறைந்தாலோ, வழியில் அடுத்தவரிடம் வாங்கினாலோ போட்டியிலிருந்து நீக்கம்.

எடை குறையட்டும் என்று ரூபி காலையில் கம்மலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் தண்ணீரில் கை வைக்கவில்லை.

"உங்க தண்ணி என்னாச்சு அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்குதீங்க" என்றார் சீனி, நீட்டிய கையை மடக்காமல்.

தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தாள். அவர் பாட்டிலை வாங்கி, ஆணி நிறுப்பவர் மாதிரி உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். அண்ணாந்து துளியூண்டு ஊற்றிக்கொண்டார்.

"போதும். நல்லா இருங்க."

அதற்குள் ஓட்டப்பிடாரத்து இவாஞ்சலின், "வாரேன் ரூபி" என்று சிரித்தபடி தாண்டிப் போய்விட்டாள். பெண்கள் பிரிவில் ரூபிக்கு இருந்த ஒரே போட்டி அவள்தான்.

ரூபி விரட்டினாள். கரிசல் வெடிப்பில் சக்கரம் இறங்கி ஏறியது. உடைமுள்ளுக்கு ஒதுங்கி, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டு, ஒருவழியாக இவாஞ்சலினைப் பிடித்து முந்தினாள்.

கொஞ்ச தூரம் போனால், எந்தக் குறுக்குத் தடத்தில் வந்தாரோ, அங்கே சீனி டெல்வினை மறித்துக்கொண்டு நின்றார். டெல்வின் கல்லூரிப் பையன், சட்டென்று பேசிவிடுவான்.

"வெயிலுக்குக் கண்ணாடி வாங்கியிருக்கீரு, கைக்கு உறை வாங்கியிருக்கீரு. தண்ணி மட்டும் எங்கிட்டயா அண்ணாச்சி?"

"உங்கிட்டதான்ல ஐஸ் போட்டது இருக்கு" என்று சீனி வாங்கி ஒரு சொட்டு குடித்தார்.

பிறகு அவர் பார்வை ரூபி பக்கம் திரும்பியது.

"மறுபடியுமா?" என்றாள்.

"வெயில் அப்படி தங்கச்சி."

அவள் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். அவர் பிடித்து, குலுக்கிப் பார்த்து, குடிக்காமலே திருப்பித் தந்தார். "நீங்களும் ரெண்டு மடக்குக் குடிங்க. சும்மா நிக்கத்தான செய்யுதீங்க."

கோபத்தில் மடமடவென்று குடித்தாள். இவாஞ்சலின் மறுபடி தாண்டிப் போனாள். இந்தத் தடவை பிடிக்க முடியவில்லை.

முடிவுக் கோட்டைத் தொட்டதும் ரூபி வெள்ளி மெடலை வாங்கக்கூடப் போகவில்லை. நேரே நடுவர் பாண்டியம்மாளிடம் போனாள். பள்ளியில் முப்பது வருஷம் விசில் ஊதியவர் அவர். அங்கே ஏற்கெனவே டெல்வின் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் ஒரே புகார்.

"சீனி அண்ணாச்சிய போட்டியவிட்டே தூக்கணும் டீச்சர். பச்சத் தண்ணிகூட இல்லாம வந்து, வழியெல்லாம் பிச்சை எடுக்குதாவ" என்றாள் ரூபி.

"தண்ணி இல்லாமயா? காலையில நாந்தான பையச் சோதிச்சேன். ரெண்டு லிட்டர் கேட்டா அஞ்சு லிட்டர் கொண்டு வந்திருந்தாரு."

சீனி கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். பாண்டியம்மாள் பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். டியூப் விழுந்தது, பம்பு விழுந்தது, விசில் விழுந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

"அஞ்சு லிட்டரையும் குடிச்சுட்டு எங்ககிட்டயும் வாங்கிக் குடிச்சீங்களா?" ரூபிக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. "வைப்பாத்துல மழை வந்தாக்கூட மணலு இவ்ளோ குடிக்காதே அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். சீனியும் சிரித்தார்.

"சரி, நீக்கம்னு எழுதுதேன்" என்று பாண்டியம்மாள் பேனாவை எடுத்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்."

ஆண்களில் மூன்றாவதாக வந்த விஜயராஜ் எழுந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கழுத்தில் மெடல் தொங்கியது. அதைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"தண்ணி கனமா இருக்குன்னு அடிவாரத்துலயே கீழ ஊத்திட்டேன். பாதி மலையில கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அந்த நேரம் பாத்து இவரு வந்து, ஒரு மடக்குத் தண்ணி குடுங்கன்னாரு. எங்கிட்டயே இல்லண்ணாச்சின்னேன். தலைய நனைச்சு விட்டு, என் ரெண்டு பாட்டிலயும் நெறச்சுட்டுப் போயிட்டாரு."

மெடலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

புகார் சொல்ல வந்த கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு கைகள், மெதுவாக, தோள் உயரத்துக்கு மட்டும் உயர்ந்தன.

பாண்டியம்மாள் பேனாவை மூடினார். "ஏய்யா, அவ்ளோ தண்ணிய முதுகுல வச்சுக்கிட்டு எதுக்குய்யா எல்லார்ட்டயும் கையேந்துனீரு? தண்ணி இருக்கான்னு கேட்டுட்டுப் போயிருக்கலாம்லா?"

சீனி கீழே கிடந்த பம்பைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"இருக்கான்னு கேட்டா, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கெடந்தாலும் இருக்குன்னுதான் டீச்சர் சொல்லுதாவ. எனக்குக் குடுங்கன்னு கேட்டாத்தான், இல்லங்கிறது வெளிய வருது."