சங்கம் கொடுத்த குரல்

வெளியில் நன்றாகப் பேசும் உலகம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினால் மட்டும் வாயே திறப்பதில்லை. பட்டாசு ஆலை விபத்தில் அவள் மகள் கண்ணிழந்த வழக்கு அது. வேறு சாட்சியும் இல்லை. அவளுடைய வக்கீல் அருள்ராஜுக்குக் காரணம் விளங்கவில்லை.

"நீங்கதான் வந்து பாக்கணும் மேடம்" என்று வழக்கறிஞர் சங்கத் தலைவி மரகதவல்லியை அழைத்துவந்தான்.

ஒரு சிறிய அறையில் அவர் தொடங்கிய சங்கம் இப்போது மாநிலமெங்கும் பரவியிருந்தது. தோல்வியே அறியாத அவருடைய குரலை உறுப்பினர் எல்லோருக்கும் சங்கம் வழங்கியிருந்தது. கழுத்துப்பட்டையில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கும்; ஆணோ பெண்ணோ, யார் முணுமுணுத்தாலும் நீதிமன்றத்தில் மரகதவல்லியின் குரல் கணீரென்று கேட்கும்.

"ஏம்மா பேச மாட்டேங்கிறீங்க?" என்று அவர் கேட்டதும் உலகம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு, எம் புருசன் ஆலை வெடியில செத்த கேசுலயும் இப்படித்தான கேட்டீய? 'உம் புருசன் குடிச்சிட்டுத்தான மருந்து கலந்தான்'னு, நான் ஆமாங்கிற வரைக்கும் விடலியே. அவரு குடிக்கவே மாட்டாரும்மா."

ஆலை முதலாளிக்காக வாங்கிய அந்த 'ஆமாம்'தான் மரகதவல்லியின் முதல் வெற்றி. முகத்தை மறந்திருந்தார், அந்தச் சொல்லை மறக்கவில்லை. தலை நிமிராமலேயே அருள்ராஜின் கழுத்துப்பட்டையிலிருந்த சில்லைக் கழற்றினார்.

"ஐயோ, எனக்குத் திக்கும் மேடம்."

"திக்கட்டும்."

அருள்ராஜ் தன் சொந்தக் குரலில் திக்கித் திக்கிக் கேட்டான். கூண்டில் நின்ற உலகம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.