நடுப்பாலத்தில் ஒரு நிறுத்தம்

திறப்புவிழாவுக்கு முன், ஆளே இல்லாத புதுப் பாலத்தின் மேல் காலடிச் சத்தம் மட்டும் நடந்து போனது. பாலம் கட்டுவோருக்கான ஓர் ஆலோசனை நிறுவனம் என்றோ ஆய்வுக்காகப் பதிந்துவைத்த, மறைந்த பொறியாளர் தணிகைவேலின் நடை அது. இப்போது உலகத்தில் எந்த நடைபாலத்தையும் அந்த நடையின் அதிர்வை ஓடவிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

அவர் மனைவி செண்பகவல்லி அதன் பின்னாலேயே நடந்தாள். பாதி தூரத்தில் சத்தம் நின்றது.

“இங்க ஏன் நிக்குதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா. இருந்தாலும் பதிவுல இருந்து யாரும் அதை வெட்டல,” என்றாள் கூட வந்த இளம் பொறியாளர் நஸ்ரின்.

“பதிவு பண்ணுன அன்னைக்கு நானும் அவர் பின்னால போனேன். என் செருப்பு அறுந்துபோச்சு. நான் வரட்டும்னு நின்னாரு.”

செண்பகவல்லி எட்டி நடந்து அந்த இடத்தை அடைந்தாள். காலடிகள் மறுபடி கிளம்பின, அவளோடு.